30 நிமிடப் பயிற்சிக்கு 75 நிமிடம்: உடற்பயிற்சிக்கான நேரம் எங்கே போகிறது?

உடற்பயிற்சி பற்றி வரும் செய்திகளை விடாமல் படிப்பவருக்குத் தலை சுற்றும். வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும் என்கிறது ஒரு செய்தி. நாளைக்கு நான்கைந்து நிமிடம் மூச்சு வாங்கினால் போதும் என்கிறது அடுத்தது. தினமும் 10,000 காலடி நடக்கச் சொல்கிறது கைக்கடிகாரம். சனி, ஞாயிறு மட்டும் செய்தாலும் பலன் உண்டு என்று இன்னொரு ஆய்வு வருகிறது. எதை நம்புவது என்று தெரியாமல், நேரமும் இல்லாமல், பலர் எதையுமே தொடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். 2010-ல் இது 26 விழுக்காடாக இருந்தது.

மேலே சொன்ன செய்திகள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றினாலும் பெரும்பாலும் மோதவில்லை. வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதை எத்தனை துண்டுகளாகச் செய்யலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு வாழ்க்கையிலிருந்து எவ்வளவு நேரம் கழியும் என்பது மூன்றாவது. செய்திகள் முதல் இரண்டுக்கும் பதில் சொல்கின்றன. வேலைப்பளுவில் இருப்பவரைத் தடுத்து நிறுத்துவதோ மூன்றாவது. இந்தக் கட்டுரை அதில்தான் அதிகம் நிற்கப்போகிறது.

150 நிமிடம் என்பது எதை அளக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது இது:

1. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு; அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உடலுழைப்பு; அல்லது இரண்டும் கலந்து அதற்குச் சமமான அளவு.
2. வாரத்தில் குறைந்தது 2 நாள், உடலின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி.
3. உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைப்பது.

65 வயதைக் கடந்தவர்களுக்கு இதோடு, கீழே விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சிகள் வாரத்தில் 3 நாள் சேர்கின்றன.

மிதமானது எது, கடுமையானது எது என்பதற்கு ஆய்வாளர்கள் ‘மெட்’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். அதைப்போல 3 மடங்குக்கு மேல், 6 மடங்குக்குள் இருந்தால் மிதமானது; 6 மடங்கைத் தொட்டால் கடுமையானது. இதை அளக்க வீட்டில் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. நான்கு சொல் பேசுவதற்குள் மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையானது. கடுமையான 1 நிமிடம், மிதமான 2 நிமிடத்துக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. கடை கடையாக நின்று நின்று நடப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. பஸ்ஸைப் பிடிக்க விரைந்து நடப்பது வரும்.

150 என்ற எண்ணைப் பலரும் தேர்ச்சி மதிப்பெண்போல எடுத்துக்கொள்கிறார்கள்; 149 எடுத்தால் தோல்வி என்பதுபோல. உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 2023-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 3 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வாரம் 75 நிமிடம், அதாவது பரிந்துரையில் பாதி, மிதமான உடலுழைப்பு உள்ளவர்களுக்கே, எதுவும் செய்யாதவர்களைவிட அகால மரண ஆபத்து 23 விழுக்காடு குறைவாக இருந்தது. பலனின் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு மெதுவாக ஏறுகிறது. பூஜ்யத்திலிருந்து 75-க்குப் போவதில் கிடைப்பது, 225-லிருந்து 300-க்குப் போவதில் கிடைப்பதைவிட அதிகம். நேரம் குறைவாக உள்ளவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

காணாமல்போன 10 நிமிட விதி

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், விதி நடுவிலேயே மாறியதுதான். 2010-ல் வெளியான வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. மாடிப்படி ஏறிய 2 நிமிடம், பஸ்ஸுக்கு ஓடிய 1 நிமிடம் எல்லாம் தள்ளுபடி. 2018-ல் அமெரிக்காவின் வழிகாட்டுதலும், 2020-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த நிபந்தனையை நீக்கின.

பழைய ஆய்வுகள் பெரும்பாலும் கேள்வித்தாளை நம்பியிருந்தன. போன வாரம் எத்தனை முறை 40 நொடி விரைந்து நடந்தீர்கள் என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? மணிக்கட்டிலும் இடுப்பிலும் அணியும் அசைவுமானிகள் வந்த பிறகுதான் இந்தச் சில்லறை நிமிடங்கள் கண்ணில் பட்டன. கூட்டிப் பார்த்தால் அவற்றுக்கும் பலன் இருந்தது.

அந்த வரிசையில் அதிகம் பேசப்பட்டது, 2022-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு. பிரிட்டனில், ஓய்வு நேரத்தில் எந்தப் பயிற்சியும் செய்வதில்லை என்று சொன்ன 25,241 பேரின் அசைவுமானிப் பதிவுகளை அது எடுத்துக்கொண்டது. அன்றாட வேலைகளுக்கு இடையே தலா ஒன்றிரண்டு நிமிடம், நாளைக்கு மூன்று முறை கடுமையாக மூச்சு வாங்கியவர்களுக்கு, அப்படி ஒருமுறைகூட வாங்காதவர்களைவிட மரண ஆபத்து 38 முதல் 40 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் நடைக்காலணியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடக் கூடாது. இது கவனித்து எழுதிய ஆய்வு. சோதித்து நிறுவியது அல்ல. பங்கேற்றவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 62. அந்த வயதில் படியில் தடதடவென்று ஏற முடிகிறவர், ஏற முடியாதவரைவிட ஏற்கெனவே ஆரோக்கியமானவராக இருக்கலாம். ஆய்வாளர்கள் இதற்கான திருத்தங்களைச் செய்திருக்கிறார்கள் என்றாலும், எந்தத் திருத்தமும் முழுமையானதாக இருக்க முடியாது. துண்டு நிமிடங்கள் வீணல்ல என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘4 நிமிடம் போதும்’ என்ற தலைப்பு அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

கணக்கில் வராத 45 நிமிடம்

வாரத்தில் 168 மணி நேரம், அதாவது 10,080 நிமிடம். அதில் 150 என்பது 1.5 விழுக்காடுகூட இல்லை. இதற்கா நேரமில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பெருக்கல் சரி, வாதம் தவறு. யாரும் 150 நிமிடத்தை மட்டும் கொடுத்துவிட்டு உடற்பயிற்சி செய்துவிட முடியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வருகிறது.

வேலை முடிந்து மாலையில் ஜிம்முக்குப் போகும் ஒருவரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். கையில் கடிகாரத்தோடு ஒரு மாதிரிக் கணக்கு:

1. உடை தேடி மாற்றி, காலுறையின் இன்னொரு ஜோடியைக் கண்டுபிடித்து, தண்ணீர் நிரப்பிக் கிளம்ப: 6 நிமிடம்
2. போய்ச் சேர, வண்டியை நிறுத்த: 10 நிமிடம்
3. யாரோ ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கருவி காலியாகும்வரை காத்திருக்க: 4 நிமிடம்
4. பயிற்சி: 30 நிமிடம்
5. திரும்பி வர: 10 நிமிடம்
6. வியர்வை அடங்கி, குளித்து, உடை மாற்ற: 15 நிமிடம்

மொத்தம் 75. இதில் 45 நிமிடம் பயிற்சியே அல்ல. வாரத்தில் 5 நாள் போனால் 150 நிமிடப் பயிற்சிக்கு 375 நிமிடம், ஆறேகால் மணி நேரம், செலவு. ‘நேரமில்லை’ என்று சொல்பவரின் மனம் 150-ஐப் பார்த்து மிரளவில்லை. இந்த 375-ஐப் பார்த்துத்தான் மிரள்கிறது. அது சோம்பல் அல்ல, சரியான கணக்கு.

தொழில் நடத்துகிறவர்கள் இதை மேல்செலவு என்பார்கள்: சரக்கின் விலை வேறு, அதைக் கொண்டுவந்து இறக்கும் செலவு வேறு. உடற்பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் சரக்கின் விலையில்தான் பேரம் பேசுகின்றன: 30 வேண்டாம், 20 செய்யுங்கள், 20 வேண்டாம், 10 செய்யுங்கள். மேலே உள்ள கணக்கில் பயிற்சியை 30-லிருந்து 20 ஆக்கினால் மொத்தம் 75-லிருந்து 65 ஆகிறது. பயிற்சி மூன்றில் ஒரு பங்கு போயிற்று. செலவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் குறைந்தது. மோசமான பேரம்.

மேல்செலவில் கை வைத்தால் கதை மாறுகிறது. அதே 30 நிமிடத்தை வீட்டிலோ வீட்டு வாசலிலிருந்தோ, காலையில் வழக்கமாகக் குளிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு செய்தால், போக்குவரத்து 20 நிமிடமும் காத்திருப்பும் போய்விடுகின்றன. குளியல் எப்படியும் நடக்கப்போகிறது, அதனால் அந்த 15 நிமிடமும் புதிய செலவு இல்லை. காலணி மாட்ட 3 நிமிடம், மூச்சு அடங்க 2 நிமிடம் சேர்த்தால் 35. பயிற்சியில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. வாரச் செலவு 375-லிருந்து 175 ஆகிவிட்டது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விதிகள் தாமாகவே வெளிவருகின்றன.

1. துண்டு சிறியதாக இருந்தால் மேல்செலவு பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 5 நிமிடப் பயிற்சிக்கு உடை மாற்ற வேண்டியிருந்தால் அது நடக்கவே நடக்காது. மாடிப்படி, விரைநடை, அடுப்பில் பாத்திரம் கொதிக்கும்வரை சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் போன்றவை மட்டுமே சிறு துண்டுகளுக்குப் பொருந்தும்.
2. மேல்செலவு பெரியதாக இருந்தால் துண்டும் பெரியதாக இருக்க வேண்டும். நீச்சல் குளம் அரைமணி தூரத்தில் இருக்கிறது என்றால் அங்கே 20 நிமிடம் நீந்திவிட்டு வருவது நட்டம்; போனால் ஒரு மணி நேரம் நீந்திவிட்டு வர வேண்டும்.

துண்டாகச் செய்யுங்கள் என்பதும், வார இறுதியில் சேர்த்துச் செய்யுங்கள் என்பதும் முரண்பட்ட அறிவுரைகள் அல்ல என்பது இப்போது புரியும். மேல்செலவு இல்லாதவருக்கு முதலாவது, இருப்பவருக்கு இரண்டாவது.

வார இறுதியில் மட்டும் செய்தால்?

2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, பிரிட்டனைச் சேர்ந்த 89,573 பேர் ஒரு வாரம் அணிந்த அசைவுமானிப் பதிவுகளை வைத்து நடந்தது. 150 நிமிடத்தை எட்டியவர்களில், பாதிக்கு மேற்பட்ட பயிற்சியை ஒன்றிரண்டு நாளில் அடைத்தவர்களுக்கும், வாரம் முழுவதும் பரப்பிச் செய்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றின் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது.

நமது மாதிரிக் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 75 நிமிடப் பயிற்சி, அதோடு 45 நிமிட மேல்செலவு. மொத்தம் 240. ஐந்து நாள் போய்வந்த 375-ஐவிட 135 நிமிடம் மிச்சம்.

ஆனால் ஐந்து நாள் நாற்காலியை விட்டு எழாதவர், சனிக்கிழமை காலை எடுத்த எடுப்பில் 75 நிமிடம் ஓடினால் முழங்காலும் குதிகாலும் ஞாயிற்றுக்கிழமையே கணக்குக் கேட்கும். 25-ல் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும். தவிர, இரத்தச் சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கு இடைவெளி குறைவாக இருப்பது நல்லது. ஒருமுறை செய்த பயிற்சி, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மையை ஒன்றிரண்டு நாள்தான் தூக்கிப் பிடிக்கும்.

வேகத்தைக் கூட்டி நேரத்தைக் குறைப்பது

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ‘1 நிமிடப் பயிற்சி’ என்று உலகம் சுற்றியது. உடலுழைப்பு இல்லாத ஆண்களில் ஒரு பிரிவினர் வாரம் 3 முறை, சைக்கிள் கருவியில் முழு வேகத்தில் 20 நொடி, பிறகு 2 நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று சுற்று மிதித்தார்கள். இன்னொரு பிரிவினர் 45 நிமிடம் ஒரே சீராக மிதித்தார்கள். 12 வாரத்துக்குப் பின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் இரு பிரிவிலும் ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்ந்திருந்தது.

கடுமையான உழைப்பு மூன்று 20 நொடி, ஆகவே 1 நிமிடம். ஆனால் உடலைச் சூடேற்ற 2 நிமிடம், இடைவெளி 4 நிமிடம், இறுதியில் தணிக்க 3 நிமிடம் சேர்த்தால் ஒரு முறைக்கு 10. இங்கும் செய்தித் தலைப்பு மேல்செலவை விழுங்கிவிட்டது. என்றாலும், சூடேற்றலும் தணிப்பும் சேர்ந்து 50 ஆகிவிடும் 45 நிமிடப் பயிற்சிக்குப் பதில் 10 என்பது கணிசமான சிக்கனம்தான். சோதனைக்கு உட்பட்டவர்கள் 27 பேர் மட்டுமே, எல்லோரும் ஆண்கள் என்பதையும், ‘முழு வேகம்’ என்றால் நாய் துரத்தும் வேகம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். களைத்து வீடு திரும்பிய மாலையில் அந்த வேகம் பலருக்கு வராது. இதைத் தினசரி வழியாக அல்ல, நெருக்கடியான வாரங்களுக்கான மாற்று வழியாக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

‘நேரமில்லை’ என்பது ஒரே நோய் அல்ல

2019-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கர்கள் நாள் முழுக்கச் செய்தவற்றை எழுதிக் கொடுத்த குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தார்கள். சராசரியாக நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு நேரம் இருந்தது. பெரும் பகுதி தொலைக்காட்சி போன்ற திரைகளுக்குப் போயிற்று. நேரம் இருக்கிறது, மனம்தான் இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டுவது எளிது. சராசரி என்பது ஏமாற்றுக்காரக் கணக்கு. இரவு 9:40 முதல் 10:05 வரை 25 நிமிடம், மதியம் 12 நிமிடம் என்று உடைந்து கிடப்பதும் அந்த 5 மணி நேரத்தில் சேர்த்திதான்.

நேரமில்லை என்று சொல்பவரிடம் உண்மையில் இல்லாதது இந்த மூன்றில் ஒன்று:

1. நிமிடம் இல்லை. இரண்டு வேலை பார்ப்பவர், நெடுந்தூரம் பயணிப்பவர். இவருக்குப் புதிதாக நேரம் கண்டுபிடிக்கச் சொல்வதில் பயனில்லை. ஏற்கெனவே செலவாகும் நிமிடங்களைத்தான் மாற்ற வேண்டும்: பயணத்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பது, லிப்டுக்குப் பதில் படி, கைப்பேசி உரையாடலை நடந்துகொண்டே பேசுவது.
2. தெம்பு இல்லை. மாலை 7 மணிக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. எழுந்து நிற்க மனமில்லை. இவருக்குத் தேவை வேறு வேளை. இரவில் பயிற்சி செய்தால் தூக்கம் கெடும் என்ற பயம் பெரும்பாலும் மிகையானது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கடுமையாகச் செய்வதை மட்டும் தவிர்த்தால் போதும். அதே சமயம், 5 மணி நேரத் தூக்கத்திலிருந்து இன்னும் அரைமணியைத் திருடி விடியற்காலையில் ஓடுவது கடன் வாங்கி வட்டி கட்டும் கதை.
3. அதிகாரம் இல்லை. நேரம் இருக்கும், ஆனால் அது அவருடையது அல்ல. எந்த நொடியும் குழந்தை அழலாம், முதியவர் கூப்பிடலாம், மேலதிகாரியின் அழைப்பு வரலாம்.

மூன்றாவதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். உலகில் நடக்கும் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே செய்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது; ஆண்கள் செய்வதைப்போல 3.2 மடங்கு. இந்தச் சூழலில் உள்ளவரிடம் ‘மன உறுதி வேண்டும்’ என்று சொல்வது அபத்தம். அவருக்கு வேண்டியது, செவ்வாயும் வியாழனும் காலை 6:30 முதல் 7 வரை வீட்டில் எதற்கும் இன்னொருவர்தான் பொறுப்பு என்ற ஏற்பாடு. அது உடற்பயிற்சித் திட்டமே அல்ல, வீட்டு வேலைப் பங்கீடு. அது முடியாமல் இது தொடங்காது.

உழைப்பே பயிற்சியாக இருந்த காலம்

மேல்செலவே இல்லாத உடலுழைப்புக்கு மிகப் பழைய சான்று பஸ்ஸிலிருந்து கிடைத்தது. 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளரும் குழுவினரும் லண்டன் மாடிப் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. அவர்களில் எவரும் அதற்கென்று நேரம் ஒதுக்கவில்லை. வேலை நேரத்திலேயே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள்.

மோரிஸ் குழுவினர் அங்கே நிற்காமல், 1956-ல் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, ஒத்த வயது நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது, இளம் வயதிலேயே. ஆக, எல்லா வேறுபாட்டையும் படிக்கட்டின் தலையில் கட்ட முடியாது. தம் முடிவையே சந்தேகித்துத் தையல்கடை அளவுவரை போன அந்த நேர்மை, இன்றைய செய்தித் தலைப்புகளுக்கு இருந்தால் குழப்பம் பாதி தீரும்.

10,000 அடிக்கு அத்தகைய வம்சாவளி எதுவும் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் ‘மன்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மானி. விளம்பரத்துக்கு வைத்த பெயர் மருத்துவ இலக்காகிவிட்டது. 2019-ல் வெளியான ஐ-மின் லீ குழுவினரின் ஆய்வில், சராசரியாக 72 வயதுப் பெண்களிடம் பலன் ஏறத்தாழ 4,400 அடியிலேயே தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் கூடவில்லை.

எப்போது, எங்கே என்று எழுதி வைப்பது

சாரா மில்ன் குழுவினர் 2002-ல் பிரிட்டனில் மாணவர்களிடம் நடத்திய சோதனை சுவையானது. மாணவர்கள் மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குத் தனியாக எதுவும் இல்லை. இரண்டாவது பிரிவுக்கு, உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினர் அதைப் படித்ததோடு, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் 20 நிமிடப் பயிற்சி செய்யப்போகிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் 38 விழுக்காட்டினரும், அறிவுரை படித்த பிரிவில் 35 விழுக்காட்டினரும் செய்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தார்கள்.

ஒரே ஒரு வாரம், அவர்களே சொன்ன கணக்கு, மாணவர்கள். ஆகவே 91-ஐ அப்படியே நம் வாழ்க்கைக்கு மாற்ற வேண்டாம். ஆனால் அறிவுரைப் பிரிவு ஒன்றும் செய்யாத பிரிவைவிட ஒரு படிகூட மேலே போகவில்லை என்பதை இந்த வகைக் கட்டுரை எழுதுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதும் கைவிட வேண்டிய நம்பிக்கை. லண்டனில் பிலிப்பா லேலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்ற கணிப்பு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகத்தான் படிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனது எந்தப் பெரிய பாதிப்பையும் ஏற்படுத்தவில்லை.

நெருக்கடி வாரத்தில் எதைக் காப்பாற்றுவது?

ஆண்டிறுதிக் கணக்கு, தேர்வு, வீட்டில் நோய் என்று சில வாரங்கள் கைமீறிப் போகும். அப்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு 1980-களில் ராபர்ட் ஹிக்சன் செய்த சோதனைகள் வழிகாட்டுகின்றன. வாரம் 6 நாள், நாளைக்கு 40 நிமிடம் என 10 வாரம் கடுமையாகப் பயின்றவர்களின் பயிற்சியைப் பிறகு 15 வாரத்துக்குக் குறைத்தார்கள். 2 நாளாகக் குறைத்தபோதும் ஆக்சிஜன் உச்சத்திறன் இறங்கவில்லை. நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தபோதும் இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது.

ஆகவே நெருக்கடி வாரத்தில் நாளைக் குறைக்கலாம், நிமிடத்தைக் குறைக்கலாம். மூச்சு வாங்கும் அளவை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாரம் முழுக்கத் தினமும் சோம்பலாக 10 நிமிடம் உலாவுவதைவிட, இரண்டு நாள் விறுவிறுப்பாகச் செய்வது இருப்பதைக் காக்கும்.

இதற்கு விலக்குகள் உண்டு. நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான படபடப்பு, சிறு வேலைக்கே அளவுமீறிய மூச்சிரைப்பு உள்ளவர்களும், ஏற்கெனவே இதய நோய், நீரிழிவு, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வேகத்தைக் கூட்டும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் நாட்களில் எதுவும் வேண்டாம். தேறிய பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கினால் போதும்.

ஒரு வாரம், எழுதிப் பார்த்தால்

நிமிடமும் இல்லாத, நாளும் நிலையில்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுழற்சி முறையில் வேலை, நான்காவது மாடியில் அலுவலகம், பஸ்ஸில் பயணம். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினால் 12 நிமிட விரைநடை. அந்தத் தூரத்தை பஸ் 5 நிமிடத்தில் கடக்கும், எனவே அவருக்குக் கூடுதலாகும் நேரம் 7 நிமிடம்தான்.

1. திங்கள், செவ்வாய்: போகும்போதும் வரும்போதும் நடை. நாளைக்கு 24 நிமிடம்.
2. புதன்: இரவு ஷிப்ட். ஒன்றுமில்லை.
3. வியாழன்: நடை 24 நிமிடம். நான்கு மாடியையும் விரைந்து நாலு தடவை ஏறியதில் கடுமையான 4 நிமிடம். மிதமான கணக்கில் 8.
4. வெள்ளி: காலையில் குளிக்கும் முன் தண்டால், பஸ்கி என வலுவூட்டும் பயிற்சி 15 நிமிடம். போகும்போது மட்டும் நடை, 12 நிமிடம். வரும்போது மழை.
5. சனி: குளிக்கும் முன் 45 நிமிட விரைநடை.
6. ஞாயிறு: வலுவூட்டும் பயிற்சி 15 நிமிடம். மற்றபடி தூக்கம்.

மூச்சு வாங்கிய மிதமான நிமிடங்கள் 137. வலுவூட்டும் நாட்கள் 2. பரிந்துரைக்கு 13 நிமிடம் குறைவு. ஆயத்தம் உட்பட இதற்காக அவர் புதிதாகக் கொடுத்த நேரம்: நடையில் 7 முறை 7 நிமிடம், அதாவது 49, சனிக்கிழமை காலணி மாட்டியது சேர்த்து 50, வலுவூட்டலுக்கு 36. ஆக 135 நிமிடம். வாரம் 5 நாள் ஜிம்முக்குப் போய்வந்த முதல் கணக்குக்காரருக்கு ஆனது 375. படிக்கட்டுக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. லிப்டுக்காக நின்ற நேரம் அதற்குச் சரியாகப் போயிற்று.